மாடு இல்லாத ஊரில் மாடு கீறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். தை மாதம் வந்தால் தலைப்பு ஒன்றுதான்: மாடு. பட்டிப்பொங்கலுக்கு முந்திய கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கடை, செட்டியார் தெரு, நூதனசாலை என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி. இந்த முறை எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு இரண்டு வரி. கோபிக்க வேண்டாம்.

கொழும்பில் மாடே இல்லையே ரீச்சர், பிறகு ஏன் மாடு கீறச் சொல்கிறீர்கள்?

இல்லை என்பதால்தான். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் "ஒரு மாடு கீறுங்கோ" என்றால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பச்சைப் புல்வெளியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பசுவைக் கீறுவார்கள். அது பால்மாப் பைக்கற்றில் நிற்கிற மாடு. முதுகு பலகை போல நேராக இருக்கும், திமில் இருக்காது. எங்களுடைய நாட்டு மாட்டுக்குத் திமில் உண்டு, கழுத்துக்குக் கீழே அலைதாடி உண்டு. கோயில் நந்திக்கும் இரண்டும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் நந்தியைக் கும்பிடுகிற அதே பிள்ளையின் கைக்கு அது மாடு என்று தெரியவில்லை.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் ஒரு செப்புத்திருமேனி இருக்கிறது. திருவெண்காட்டில் கிடைத்த இடபவாகனர், 1011ஆம் ஆண்டுக்குரியது. சிவன் ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் ஊன்றி, ஆறுதலாகச் சாய்ந்து நிற்கிறார். ஆனால் காளை இல்லை. கை வெறுங்காற்றில் கிடக்கிறது. படத்தைக் காட்டி "இவர் எதில் சாய்ந்து நிற்கிறார்?" என்று கேட்பேன். சுவர் என்பார்கள், மதில் என்பார்கள், ஓட்டோ என்றுகூட ஒருவன் சொன்னான். கொழும்புத் தமிழரான நாங்களும் அந்த மாதிரித்தான் நிற்கிறோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மாடு போய்விட்டது, சாய்கிற கை போகவில்லை.

முந்தி இங்கே மாடு இருந்ததா?

மாட்டில்தான் கொழும்பு ஓடியது. கண்டிக்கு ரயில் போகத் தொடங்கியது 1867இல். அதற்கு முன் மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டுவண்டியில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. வண்டி போக வழியில்லாத இடங்களில் முதுகில் பொதி ஏற்றிய மாடுகள் வரிசையாகப் போகும், அதற்குத் தவளம் என்று பெயர். மண்ணெண்ணெய் விற்கிற மாட்டுவண்டி ஒழுங்கைக்குள் வந்ததை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிற பெரியவர்கள் உண்டு. வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிற வெள்ளித்தேரும் காளை பூட்டி இழுத்த தேர்தான்.

தமிழில் 'மாடு' என்றால் செல்வம் என்று புத்தகத்தில் இருக்கிறது. உண்மையா, அல்லது உரைகாரர் சொன்னதா?

உண்மை. திருக்குறள் 400ஆவது குறள்: "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை." கல்விதான் அழியாத செல்வம், மற்றவை செல்வமே அல்ல என்கிறார். அந்த இடத்தில் 'மாடு' வெறும் சொத்து என்ற பொருளில் வருகிறது. இலத்தீனிலும் இதே கதைதான். பணத்தைக் குறிக்கிற 'பெக்கூனியா', கால்நடையைக் குறிக்கிற 'பெக்குஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

செல்வம் என்றால் களவும் வரும், களவு வந்தால் சண்டை வரும். வெட்சி சூடி ஆநிரை கவர்வதும் கரந்தை சூடி மீட்பதும் சங்க இலக்கியத்தில் இதனால்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. மாடு கவர்ந்த பூசலில் செத்த ஒருவனுக்கு நட்ட கல் அது. தமிழில் கிடைத்திருக்கிற மிகப் பழைய நடுகற்களில் ஒன்று மாட்டுக்காகச் செத்தவனுடையது. புனிதம் பற்றிய பேச்செல்லாம் பிறகு வருகிறது. முதலில் மாடு என்பது சோறு, பால், உழவு, மானம். இந்த ஒழுங்கை மாற்றிச் சொல்லிக்கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நந்தி ஏன் எங்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்?

ஒரு ஐந்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி. எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான்.

சைவசித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று. பதி இறைவன், பாசம் கட்டு, பசு உயிர். கட்டப்பட்டிருப்பதால் பசு. ஆகவே சிவன் சந்நிதிக்கு எதிரில் படுத்திருப்பது சிவனுடைய வண்டிமாடு மட்டுமல்ல, வாசலில் நிற்கிற நீங்களும்தான். நீங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போனால் நந்திக்குப் பின்னால் நிலத்தில் இருந்து, அவருடைய கண்மட்டத்துக்குத் தலையைப் பதித்து உள்ளே பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. இருட்டுக்குள் ஒரு விளக்குச் சுடர் மட்டும் தெரியும். நின்றபடி பார்த்தால் தெரியாத காட்சி.

பழமையைக் கேட்டால், புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே "ஊர்தி வால்வெள் ஏறே" என்று வருகிறது. ஏறிப் போவதும் வெள்ளை ஏறு, கொடியில் இருப்பதும் அதே ஏறு. பிள்ளைகள் பாடமாக்குகிற "தோடுடைய செவியன் விடையேறி"யில் 'விடை' என்பது காளை. பல பிள்ளைகள் அதை 'கேள்வி விடை' விடை என்று நினைத்துப் பாடுகிறார்கள். பிழையாக இருந்தாலும் அழகான பிழை.

நந்தியின் காதில் வேண்டுதல் சொல்லலாமா?

நிறையப் பேர் சொல்கிறார்கள். குருக்கள்மார் பலர் தொடவேண்டாம் என்கிறார்கள். சித்திரக்காரியாக எனக்கு ஒரே ஒரு கவலை: ஆயிரம் பேர் கைவைத்த காதில் எண்ணெயும் விபூதியும் ஏறி, சிற்பி செதுக்கிய மடிப்பே தெரியாமல் போகிறது. தூரத்தில் நின்று சொல்லுங்கள், அவருக்குக் காது பெரிது.

சந்திரவட்டக்கல்லில் மாடு இருக்கிறதா இல்லையா? பாடசாலையில் ஒன்று சொன்னார்கள், நீங்கள் வேறு சொல்கிறீர்கள்.

இரண்டும் சரி, காலம்தான் வேறு. சந்திரவட்டக்கல் என்பது பௌத்தக் கட்டடங்களின் வாசற்படிக்குக் கீழே பதித்த அரைவட்டக் கல். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் வெளியே தீச்சுவாலை, அதற்குள் யானை, குதிரை, சிங்கம், எருது ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற வரிசை, பிறகு கொடி, அன்னம், நடுவில் தாமரை. எருது திமிலோடு, வால் பறக்க ஓடும். படுத்திருக்கிற நந்தியையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு விருந்து. அந்த நான்கு விலங்குகளையும் பிறப்பு, மூப்பு, பிணி, சாவு என்று பொருள்படுத்தியவர் தொல்லியலாளர் செனரத் பரணவிதான.

பொலன்னறுவைக்குப் போனால் எருது வரிசையில் இல்லை. இடையில் சோழர் ஆட்சி வந்து போயிருந்தது. வானவன்மாதேவி ஈசுவரம் என்று கல்வெட்டில் பெயர் பெற்ற சிவாலயம், அதாவது இன்றைக்கு 2ஆம் சிவாலயம் என்று பலகை போட்டிருக்கிற கோயில், கல் நந்திகளோடு அங்கே எழும்பியிருந்தது. கும்பிடுகிற விலங்கைக் காலால் மிதிக்கிற கல்லில் செதுக்குவது சரியில்லை என்று விட்டுவிட்டார்கள் என்பதுதான் வழமையாகச் சொல்கிற விளக்கம். எனக்கு அது பெரும்பாலும் ஏற்கக்கூடியது. ஆனால் ஒன்றையும் கவனிக்கச் சொல்வேன்: அங்குள்ள வட்டதாகெ என்ற வட்டக் கட்டடத்தின் சந்திரவட்டக்கல்லில் சிங்கமும் இல்லை. யானை, குதிரை, அன்னம் மட்டும். ஆகவே "தமிழருக்காக எடுத்தார்கள்" என்று மார்தட்டுவதற்கும் "தமிழர் எடுக்க வைத்தார்கள்" என்று முறைப்பாடு வைப்பதற்கும் இந்தக் கல்லில் அவ்வளவு இடமில்லை. வாசலில் எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக்கூடாது என்று ஒரு சிற்பி யோசித்திருக்கிறான். எனக்கு அது போதும்.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் வெல்கம் விகாரையையும் பாருங்கள். இராசராசப்பெரும்பள்ளி என்று தமிழ்க் கல்வெட்டுகளில் பெயர் வருகிற பௌத்தப் பள்ளி. நந்தாவிளக்கு எரிப்பதற்குப் பசு முதலியவற்றைத் தானம் செய்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பசுவின் நெய்யில் புத்தருக்கு விளக்கு.

மனுநீதிச் சோழன் கதை திருவாரூரில் நடந்ததா, அநுராதபுரத்தில் நடந்ததா?

இதற்குத்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை. கதையை இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்போம்.

மகாவம்சம் 21ஆம் அத்தியாயத்தில், சோழநாட்டிலிருந்து வந்து 44 வருடம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் வருகிறான். படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி, நீதி கேட்பவர் இழுப்பதற்குக் கயிறு. அவனுடைய மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் போகும்போது, தாயோடு படுத்திருந்த கன்று தெரியாமல் சில்லில் அகப்பட்டுச் சாகிறது. பசு வந்து மணியை இழுக்கிறது. அரசன் அதே சில்லால் மகனுடைய தலையை எடுப்பிக்கிறான். பகையரசன் என்று எழுதப் போகிறவனைப் பற்றி இவ்வளவு மதிப்போடு அந்த நூல் சொல்லியிருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனுக்கு முன்னால் நின்று தன் ஊரின் பெருமையாக இதைச் சொல்கிறாள்: "வாயிற் கடைமணி நடுநா நடுங்க ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட." முதல் 'கடைமணி' அரண்மனை வாசலில் தொங்குகிற மணி. இரண்டாவது 'கடைமணி' பசுவின் கடைக்கண் மணி. ஒரே சொல்லில் மணியின் நாக்கும் பசுவின் கண்ணீரும். வேறு மொழிக்குக் கொண்டுபோக முடியாத வரி இது. பிறகு பெரியபுராணத்தில் கதை திருவாரூரில் நடக்கிறது. இளவரசன் மேல் தேரை ஓட்ட மனமில்லாத அமைச்சன் தன் உயிரை விடுகிறான், அரசன் தானே ஓட்டுகிறான், சிவன் தோன்றி எல்லோரையும் எழுப்பிக் கொடுக்கிறார்.

எது முதலில் என்ற விவாதத்தை விட எனக்கு முக்கியமாகப் படுகிற வேறுபாடு ஒன்று உண்டு. திருவாரூரில் கன்றும் பிள்ளையும் எழும்புகிறார்கள். அநுராதபுரத்தில் எழும்புவதில்லை. செத்தது செத்ததுதான். அதனால்தானோ என்னவோ, மகாவம்சத்துக் கதை எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது.

கீறும்போது பிள்ளைகள் எல்லோரும் தேரையும் அரசனையும் நடுவில் பெரிதாகப் போடுவார்கள். பசு மூலையில் ஒரு தீப்பெட்டி அளவில் நிற்கும். "கயிறு எவ்வளவு உயரத்தில் தொங்கினால் பசு இழுக்கலாம்?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பிறகு படம் மாறும். கயிற்றைத் தாழ்த்துவார்கள், பசு முன்னால் வரும், அரசன் சிறுத்துப்போவான்.

பௌத்தக் கலையில் பசுவுக்கு இடம் உண்டா?

வெசாக் தோரணங்களை அண்ணாந்து பாருங்கள். வப்மகுல் ஏர்ப்பூட்டு விழாவில் எருதுகள் உழ, சின்னச் சித்தார்த்தன் நாவல் மரத்தடியில் தியானத்தில் இருப்பான். சுஜாதை பாற்சோறு கொடுக்கிற காட்சியும் இருக்கும். அந்தப் பாலுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆயிரம் பசுக்களின் பாலை ஐந்நூறு பசுக்களுக்குக் குடிக்கக் கொடுத்து, அந்த ஐந்நூறின் பாலை இருநூற்றைம்பதுக்குக் கொடுத்து, இப்படியே குறைத்துக் கடைசியில் எட்டுப் பசுக்களின் பாலில் காய்ச்சியது. பால்மாத் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற ஊருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும்.

பசு அம்மா, காளை நந்தி. எருமை மட்டும் ஏன் அசுரன்?

யமனுக்கு வாகனம், மகிடாசுரன், போதாததற்கு வகுப்பில் மந்தமான பிள்ளைக்குப் பட்டப்பெயர். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் எருமைத்தலையோடு மனித உடம்பாகப் பின்வாங்குகிறான். சிலப்பதிகார வேட்டுவவரியில் கொற்றவை "கானத் தெருமைக் கருந்தலைமேல்" நிற்கிறாள்.

காரணங்கள் பல சொல்வார்கள். நிறமும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன். வெள்ளைக்கு மேன்மை, கறுப்புக்கு அச்சம். இது விலங்கோடு நிற்கவில்லை என்பது கலியாணத் தரகர் வைத்திருக்கிற பட்டியலைப் பார்த்தால் தெரியும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: நீலகிரித் தோடருக்கு எருமைதான் தெய்வம், அவர்களுடைய பால்கொட்டிலே கோயில். எங்கள் ஊரிலோ, மண்சட்டித் தயிரில் கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிடுகிறபோது ஒருவரும் அசுரனை நினைப்பதில்லை.

யாழ்ப்பாண அரசர்களுக்கு நந்திதான் சின்னமா?

ஆம். ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசில் ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற தமிழெழுத்து. இராமேசுவரத்துச் சேதுவைக் காப்பவர்கள் என்ற பெருமை அது. கொடியிலும் நந்தி. பல்லவரின் இலச்சினையிலும் முன்பே காளை இருந்தது.

இலங்கையில் ஏறுதழுவல் உண்டா?

எங்கள் வழக்கம் மாட்டுவண்டிச் சவாரி. வடக்கிலும் வன்னியிலும் பொங்கல், சித்திரை வருடப்பிறப்புக் காலங்களில் நடக்கும். நாம்பன்களைச் சவாரிக்கென்றே வளர்ப்பார்கள். ஏறுதழுவல் கலித்தொகையின் முல்லைக்கலியில் விரிவாக வருகிறது, இங்கே அது தொடர்ந்து வந்த வழக்கமல்ல. 2024 ஜனவரியில் திருகோணமலை சம்பூரில் நடத்தினார்கள். அது புதிதாகக் கொண்டுவந்த விழா. புதிது என்பதால் குறையில்லை, பழையது என்று சொல்லாமல் இருந்தால் சரி.

தொடர்மாடியில் குடிபூரல். பசுவை எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆறாம் மாடிக்கு லிப்டில் ஏற்ற யோசித்தது. நிருவாகக் குழு மறுத்தது, பெரிய வாக்குவாதம். கடைசியில் பசுவும் கன்றும் வாகனத் தரிப்பிடத்தில் நின்றன, வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து கும்பிட்டார்கள், பசு மாலையைத் தின்றது. எல்லோருக்கும் சந்தோசம். இப்போது பலரும் வெள்ளியில் சின்னப் பசுவும் கன்றும் வைத்துச் செய்கிறார்கள். அந்தியேட்டியில் கோதானத்துக்கும் அதே வழிதான்.

ஒரு விடயம் மட்டும் சொல்லவேண்டும். அந்தச் சடங்கின் பழைய பொருள் சாணகத்திலும் கோமயத்திலும் இருந்தது, பசு வந்தால் வீடு மணக்கும். மார்கழியில் சாணகத்தைப் பிடித்து அறுகம்புல் குத்தினால் பிள்ளையார். எங்கள் தெய்வங்களுக்குள் இவ்வளவு மலிவாக, இவ்வளவு மென்மையாக விரலுக்கு அடங்குகிற இன்னொரு சிற்பம் இல்லை. வகுப்பில் களிமண்ணில் செய்விக்கிறேன். சாணகம் என்றால் பெற்றோர் அடுத்த கிழமை பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

மற்றச் சமயப் பிள்ளைகளும் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் என்ன கீறுவது?

அவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பாலன் குடிலைக் கீறுவார்கள். நற்செய்தி நூல்களில் பாலன் பிறந்த இடத்தில் மாடும் கழுதையும் இருந்ததாக எழுதியிருக்கவில்லை. ஏசாயா முதலாம் அதிகாரத்தில் மாடு தன் எசமானை அறியும், கழுதை தன் தீனித்தொட்டியை அறியும் என்று வருவதைப் பிடித்துக்கொண்டு ஓவியர்கள் அவற்றைக் குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். லூக்காவின் சின்னமும் இறக்கை முளைத்த காளை, அதைக் கீற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தின் பெயர் 'அல் பகரா', பசு. மூஸா நபி ஒரு பசுவை அறுக்கச் சொல்ல, அவர்கள் என்ன வயது, என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பார்ப்பவர் கண்ணுக்கு இனிய பளிச்சென்ற மஞ்சள் என்று பதில் வருகிறது. மருதானையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை அந்த மஞ்சளைத் தேடி மூன்று ஞாயிறு வர்ணம் கலந்தாள்.

மாட்டிறைச்சி பற்றி உங்கள் நிலைப்பாடு?

என்னிடம் கேட்காதீர்கள் என்றாலும் கேட்கிறீர்கள். 2020இல் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது வகுப்பிலேயே இரண்டு தகப்பன்மார் மோதிக்கொண்டார்கள். நான் சாப்பிடுவதில்லை. ஒருவர் கும்பிடுவதை அடுத்தவரின் கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சாட்டாக்குவதும் எனக்குப் பிடிப்பதில்லை. வள்ளுவர் பசுவை வைத்துச் சொன்னதில் எனக்குப் பிடித்தது 1066ஆவது குறள்: தாகத்தில் நிற்கிற பசுவுக்குத் தண்ணீர் தா என்று கேட்டாலும், கேட்கிற நாக்குக்கு அதைவிட இழிவு இல்லை. அதில் பசுவைவிடக் கேட்பவனின் கூச்சம்தான் பெரிதாகத் தெரிகிறது.

'பசுத்தோல் போர்த்திய புலி' திருக்குறளா?

இல்லை. குறளில் (273) அது தலைகீழ்: புலித்தோல் போர்த்துக்கொண்டு பயிரை மேய்கிற பசு. பலமில்லாதவன் பலசாலி வேடம் போடுவது. கீறிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

சரி, உண்மையான மாட்டை எங்கே போய்ப் பார்த்துக் கீறுவது?

கோயில்களில் சிலவற்றில் பசு வளர்க்கிறார்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகிறவர்கள் தெருவோரக் கட்டாக்காலிகளைப் பாருங்கள், அவை நன்றாக 'போஸ்' கொடுக்கும். மத்தியானத்தில் போங்கள். மேய்ந்து முடித்து நிழலில் படுத்து இரைமீட்டுகிற நேரம் அது, அசையாது. பழசை நினைத்துப் பார்ப்பதை நாங்கள் 'இரைமீட்டல்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் தாடை அசைவை அப்போதுதான் பார்க்கலாம்: மேலும் கீழும் அல்ல, பக்கவாட்டில், ஒரு வட்டமாக.

பென்சில், பலகை, தண்ணீர்ப் போத்தல், தொப்பி. வர்ணத்தில் மண்ணிறமும் சாம்பலும் போதும். திமிலிலிருந்து தொடங்குங்கள், கறுப்பு வெள்ளைக் குப்பிகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.